ஏழாவது ஷரத்து

ஏழாவது ஷரத்தில் மூன்று பிழைகள் இருக்கின்றன, நான்கு நாளைக்கு முன்பு என் வக்கீல் லோகநாயகி அதைக் கைபேசிக்கு அனுப்பிய நிமிஷமே எண்ணிவிட்டேன், எண்ணாமல் இருக்க முடியாது, இருபத்தாறு வருஷமாகக் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்குப் பட்டியல் அட்டை எழுதியவளுக்கு அது ஒரு வியாதி, சும்மா இருக்கும்போது பிறர் பல் குத்துவார்கள், நான் பிழை குத்துவேன். 'இரண்டாம் மனுதாரர் இன்று முதல் இனி எக்காலத்திலும் முதலாம் மனுதாரரின் குடும்பப் பெயராகிய அறவாழி என்பதைத் தமது பெயருடன் எவ்விடத்தும் பயன்படுத்துவதில்லை எனவும், தமது தந்தையாரின் முதலெழுத்துக்கே திரும்புவதாகவும் மனமுவந்து ஒப்புக்கொள்கிறார்.' இரண்டாம் மனுதாரர் நான், மரகதம். முதலாம் மனுதாரர் அதோ, குடும்பநல நீதிமன்றத்து நடைக்கூடத்தின் அந்தக் கோடியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு நிற்கிறார், இன்று மதியம்வரை என் கணவர். 'இன்று முதல்' என்று சொன்னபிறகு 'இனி' எதற்கு, அது ஒன்று. தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர், இருப்பது அப்பன் பெயரின் முதலெழுத்து, அதுவும் ஒரு தலைமுறைக்குத்தான் செல்லும், பிள்ளைக்குப் பிள்ளை வந்தால் காலாவதி, அது இரண்டு. 'மனமுவந்து' பச்சைப் பொய், அது மூன்று. சிவப்புப் பேனாவால் மூன்றையும் வட்டமிட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன், யாரிடம் காட்ட என்றுதான் தெரியவில்லை. எங்கள் எண் முப்பத்தொன்று. இப்போது உள்ளே போயிருப்பது இருபத்திரண்டு. ஏழுக்குச் சம்மதித்தால் இன்று சாப்பாட்டு வேளைக்குள் விவாகரத்து. ஏழு வேண்டாமென்றால் அவர் சம்மதம் தரமாட்டாராம், வெள்ளிக்கிழமையோடு கோடை விடுமுறை, ஜூனில் திறக்கும்போது நாங்கள் சேர்ந்து போட்ட மனுவுக்குப் பதினெட்டு மாதம் தாண்டி அது செத்திருக்கும், மறுபடி முதல் மனு, மறுபடி ஆறு மாதம், மறுபடி ஆலோசனைக்கு உட்காரவைத்து 'இருபத்து நாலு வருஷம் வாழ்ந்தவங்க' என்று ஆரம்பிக்கும் அந்தக் குரல். ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் ஒரு பெயர், அதுவும் என்னுடையது இல்லை.

"அம்மிணி, காப்பி ஊத்தட்டுமா?" அண்ணன் சென்னியப்பன் கோபியிலிருந்து அதிகாலை பஸ் பிடித்து வந்திருக்கிறான், பிளாஸ்கோடு, பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி ஊதி ஊதித் தருகிறான், கோர்ட்டுக்கு வந்தவன் போலவே இல்லை, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவன் போல இருக்கிறான். "ஒரே ஒரு எழுத்துக்கு எதுக்கு அம்மிணி இவ்வளவு? 'நா' போட்டுக்கறதுக்கு என்ன? அன்னியத்து எழுத்தா? நம்ம அப்பன் எழுத்துத்தானே." நாச்சிமுத்து என்ற எங்கள் அப்பாவின் நா. இருபத்தைந்து வயதுவரை நான் நா. மரகதம், நன்றாகத்தான் இருந்தது, பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது வாத்தியார் 'நா' சொல்லி மூச்சு விட்டு 'மரகதம்' என்பார், அந்த மூச்சுக்குள் நான் எழுந்து நின்றிருப்பேன். "அப்பன் இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருக்கும் தெரியுமா, புள்ள பேரு ஊட்டுக்குத் திரும்பி வருதுன்னு." "எந்த வீட்டுக்குண்ணா?" "என்ன அம்மிணி, எந்த ஊட்டுக்குங்கற." கல்யாணம் முடிந்த நாலாம் நாள் அப்பா வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று ரேஷன் அட்டையிலிருந்து என் பெயரை நீக்கிச் சான்றும் வாங்கிவிட்டார், மறுவீட்டு விருந்துக்கு வந்த இடத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு அந்தச் சான்றையும் வைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார், "மத்தவிங்கெல்லாம் ஆறு மாசம் அலையறாங்க மாப்ள, நான் நாலே நாள்ல எடுத்துட்டேன்" என்றார், அத்தனை பெருமை, அத்தனை பிரியமும்கூட, அதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, நான் ரேஷன் அட்டையை வாங்கிப் பார்த்தேன், என் பெயர் இருந்த வரியில் அடிக்கோலை வைத்துக் கோடு கிழித்திருந்தார்கள், நேரான கோடு, அரசாங்கத்தில் அவ்வளவு நேராக ஒரு கோடு கிழித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அந்தக் கோட்டுக்கு அடியில் போய் மறுபடி படுத்துக்கொள்ளச் சொல்கிறான் அண்ணன். நூலகத்தில் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை எடுத்த அலமாரியிலேயே வைப்போம், சரிதான், ஆனால் அது புத்தகம், இருபத்து நாலு வருஷத்தில் அதற்கு ஒரு பக்கம்கூடக் கூடியிருக்காது. "காப்பியில சக்கரை தூக்கல்ண்ணா" என்றேன். "உனக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம்" என்றான், சிரித்தபடிதான்.

இருபத்து மூன்று. தலைக்கு மேல் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்கிறது, எண்ணக் கூடாது, எண்ண ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். டெல்லியில் நூலகர்கள் கருத்தரங்கு நடந்த அறையிலும் இப்படி ஒரு விசிறி இருந்தது, மூன்று நாளும் என் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'அறவாழி' என்றுதான் பெரிதாக இருந்தது, பின்னால் நிற்கிற பெயர்தான் ஆளின் பெயர் என்பது அவர்கள் கணக்கு, மரகதம் என்பதைச் சுருக்கி ஓர் எழுத்தாக்கி ஓரத்தில் தள்ளிவிட்டார்கள். 'அறவாழி ஜி, சாய்?' 'அறவாழி மேடம், உங்கள் கட்டுரை அடுத்தது.' முதல் நாள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன், இவர் எங்கே இங்கே வந்தார் என்று ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது, இரண்டாம் நாள் திரும்பவில்லை, மூன்றாம் நாள் அறவாழி என்று கூப்பிட்டதும் 'ஆங்' என்றேன். அதன்பிறகு அடைவு வந்தது. கொங்கு நாட்டு அச்சகங்களில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது வரைக்கும் அச்சான புத்தகங்கள் அத்தனைக்கும் நான் தொகுத்த அடைவு, அதாவது விவரப் பட்டியல், மூன்று தொகுதி, பதினொரு வருஷம், செல்லரித்த மூட்டைகளை மொட்டைமாடியில் வெயிலில் காயப்போட்டு எழுதியது, தும்மல் இன்னும் நிற்கவில்லை. அட்டையில் 'மரகதம் அறவாழி'. அந்தக் காலத்தில் அப்படித்தான் போடத் தோன்றியது, எழுத்தாக வைத்தால் அ. மரகதம், அதைவிட முழுசாக வைத்தால் ஓசை நன்றாக இருந்தது, ஒற்றை விட்டால் நான்கு எழுத்து நான்கு எழுத்து, தராசுத் தட்டு மாதிரி. இன்று எங்கோ ஜெர்மனியில் ஒரு ஆராய்ச்சி மாணவன் அடிக்குறிப்பில் 'அறவாழி, இரண்டாம் தொகுதி, பக்கம் எண்பத்தெட்டு' என்று எழுதுகிறான். 'அறவாழி இவ்விடத்தில் மறுக்கிறார்' என்று எழுதுகிறான். அறவாழி என் அடைவில் மூன்று பக்கம் படித்ததில்லை, மின்வாரியத்துச் சுற்றறிக்கை தவிர வேறெதையும் அவர் கடைசிவரை படித்து நான் பார்த்ததில்லை, ஆனால் ஐரோப்பாவில் அவர் மறுக்கிறார், ஐயுறுகிறார், நுட்பமாகச் சுட்டிக்காட்டுகிறார்.

சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, எதிர் பெஞ்சில் கைக்குழந்தையோடு இருக்கிற பெண் என்னைப் பார்க்கிறாள், கோர்ட்டில் தனக்குத்தானே சிரிக்கிற அம்மாவைப் பார்த்தால் யாரும் பார்ப்பார்கள். சிரிக்கிற விஷயமில்லை அது, அந்தப் பெயர் பொன்னாடை வாங்கிய நாள் ஒன்று உண்டு. மூன்றாம் தொகுதி வந்தபோது ஈரோட்டில் ஒரு இலக்கிய மன்றம் பாராட்டு விழா வைத்தது, அழைப்பிதழில் 'அடைவு அறிஞர் அறவாழி அவர்களுக்குப் பாராட்டு' என்று அடித்திருந்தார்கள், நான் திருத்தச் சொல்லிப் போன் செய்தேன், "அச்சாயிடுச்சுங்கம்மா, மேடையில சரி பண்ணிக்கலாங்க" என்றார்கள். மேடையில் செயலாளர், நல்ல மனுஷர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கி பிடித்தவர், அறவாழி அவர்கள் மேடைக்கு வரவேண்டும் என்றார், முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்தார். நான் நினைத்தேன், விளக்கப் போகிறார் என்று, 'நானில்லைங்க, அவங்க' என்று கைகாட்டப் போகிறார் என்று. குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டார். கைகூப்பினார். மைக்கைப் பிடித்துப் பத்து நிமிஷம் பேசினார், எவ்வளவு கஷ்டப்பட்டு இந்தக் காரியம் நடந்தது, எத்தனை மூட்டைப் புத்தகம், எத்தனை இரவு வீட்டில் விளக்கு எரிந்தது, கரண்ட் பில் எவ்வளவு வந்தது என்று ஒரு வேடிக்கையும் சொன்னார், கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன், சபையில் வேறென்ன செய்ய. திரும்பும்போது காரில் அந்தப் பொன்னாடை பின்சீட்டில் என் மடியில் இருந்தது, "கசங்காம புடி" என்றார். அப்போது எனக்குத் தெரிந்துபோனது, கோபம்கூட வரவில்லை, கணக்குப் பாடத்தில் விடை தெரிந்துவிட்டால் வருகிற நிம்மதி மாதிரி ஒன்றுதான் வந்தது. அதற்குப் பிறகும் ஆறு வருஷம் ஆயிற்று. விடை தெரிந்தாலும் வழிமுறை எழுத நேரமாகும்.

இருபத்தாறு. இரண்டு எண்ணை ஒரேயடியாகத் தாண்டிவிட்டார்கள், யாரும் வரவில்லை போலிருக்கிறது, டவாலி மூன்றுமுறை கூப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார், மூன்று முறைக்கு மேல் ஒரு பெயருக்கு இங்கே மரியாதை இல்லை. லோகநாயகி வருகிறாள், கறுப்புக் கோட்டில் வியர்வை உப்புப் பூத்திருக்கிறது, என் மகள் வயது, மகள் இருந்திருந்தால். "அக்கா, அவங்க வக்கீல்கிட்டப் பேசிட்டு வந்தனுங். இறங்கி வரமாட்டேங்கறாங்க. ஏழு இல்லாட்டி சம்மத மெமோவே இல்லைங்கறாரு." "ஏனாம்?" அவள் குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தினால் இன்னும் நன்றாகக் கேட்கிற குரல் அவளுக்கு. "அந்த பேங்க் மேடம் இருக்காங்கல்லக்கா, வைகாசியில கட்டிக்கப் போறாங்கல்ல, அவிங்க கண்டிஷனாம். ஒரே ஊருக்குள்ள ரெண்டு திருமதி அறவாழி ஓடிட்டிருக்க முடியாதுன்னுட்டாங்களாம்." எனக்கு அந்த அம்மாள்மேல் கோபமில்லை. போன வருஷம் எங்கள் நூலகத்துக்கே வந்திருக்கிறார், தெரியாமல், வங்கித் தேர்வுப் புத்தகம் கேட்டு, என் மேஜைமேல் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியே போனார். ஒரு பெயருக்குள் நுழையப் போகிறவர் உள்ளே இன்னொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கும். "இந்த ஷரத்து நின்னா என்ன ஆகும் லோகநாயகி?" "எவ்விடத்தும்னு போட்டிருக்காங்கள்லக்கா. உங்க மூணு புக்கும் மறுபதிப்பு வந்துச்சுன்னா அட்டையில பேரு வரக்கூடாது. வந்துச்சுன்னா கோர்ட் உத்தரவை மீறிட்டீங்கன்னு கேஸ் போடலாம்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அக்கா, நீங்களே அந்தப் பேரை விடப் போறேன்னுதானே சொன்னீங்க? இப்ப வர்ற நாலாந் தொகுதியில வெறும் மரகதம்னு போடச் சொல்லிட்டேன்னு. அப்பறம் என்னங்க்கா? அவரு கேக்கறதும் நீங்க செய்யறதும் ஒண்ணுதானுங்களே."

ஒன்றுதான். அங்கேதான் நான்கு நாளாக முள்ளில் புடவை மாட்டியது போல மாட்டிக்கொண்டு நிற்கிறேன், இழுத்தால் கிழிகிறது, விட்டால் நகர முடியவில்லை. அச்சகத்துக்கு நான் எழுதிப்போட்டது மாசியில், முன்னெழுத்தும் வேண்டாம் பின்பெயரும் வேண்டாம், மரகதம், அவ்வளவுதான் என்று, அச்சகத்துத் தம்பி பதறிப்போய் "வெறுமனே போட்டா மொட்டையா இருக்குங்களே மேடம்" என்றான், இருக்கட்டும் என்றேன். யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், தயிர்சாதம் சாப்பிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எடுத்த முடிவு அது, வாழ்க்கையில் முழுக்க முழுக்க என்னுடையது என்று சொல்ல இருக்கிற நாலைந்தில் ஒன்று. ஏழாவது ஷரத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமை அழிந்துபோகும். நாளைக்கு யாராவது பார்த்தால் என்ன தெரியும், நீதிமன்றம் சொன்னது, இவள் விட்டாள், அப்பன் எழுத்துக்குத் திரும்ப ஒப்புக்கொண்டு அதையும் போடாமல் ஏமாற்றினாள். நான் கழற்றிவைத்ததை அவர் பறித்ததாகக் காகிதம் சொல்லும், மனுஷர் போய்விடுவார்கள், காகிதம் நிற்கும், இதைச் செல்லரித்த மூட்டைகளோடு பதினொரு வருஷம் இருந்தவளிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுத்தாளர் பெயரை மாற்றிக்கொண்டால் நாங்கள் பழைய அட்டையைக் கிழிப்பதில்லை, அதில் 'காண்க' என்று எழுதிப் புதிய பெயரைக் காட்டுவோம், சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது, கிழித்தால் பழைய பெயரைத் தேடிக்கொண்டு வருகிறவன் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று போய்விடுவான். இந்த ஷரத்து கிழிக்கச் சொல்கிறது. "அது ஒண்ணு இல்ல, லோகநாயகி" என்றேன். அவள் காத்திருந்தாள். இத்தனையும் மனசுக்குள் ஓடுகிறது, வாயைத் திறந்தால் பிடிவாதக்காரி என்று மட்டும் கேட்கும்.

பிடிவாதம்தானோ. வயது நாற்பத்தொன்பது, காலையில் போட்ட ரத்த அழுத்த மாத்திரை நாக்கின் அடியில் இன்னும் கசக்கிறது, உள்ளே போனதும் நீதிபதி என்ன சொன்னாலும் 'சரிங்கம்மா' என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, நான் அப்படிப்பட்டவள்தான், அடிக்குறிப்பில் சிங்கம், ஆள் எதிரில் நின்றால் சரிங்க சரிங்க. ஒரு ஆயுதம் இருக்கிறது. அதை நினைத்தால் கொஞ்சம் தெம்பு வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு மாணவிக்காகப் பழைய அரசிதழ்க் கட்டைப் புரட்டியபோது பெயர்மாற்ற அறிவிப்புப் பக்கத்தில் ஒரு வரியில் கண் நின்றது: ஆறுச்சாமி என்ற நான், பிறந்த ஊர் இன்னது, தந்தை பெயர் இன்னது, இன்று முதல் அறவாழி என அழைக்கப்படுவேன். ஊரும் தந்தையும் என் மாமனார் ஊரும் மாமனாரும். கல்லூரியில் படிக்கிறபோது மாற்றிக்கொண்டிருக்கிறார், அந்த வயதில் ஆறுச்சாமி என்பது கூச்சமாக இருந்திருக்கும், பாவம், அறவாழி என்றால் ஆள் கொஞ்சம் உயரமாகத் தெரிவார். கட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன், இதுநாள்வரை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும், இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் பெயரை மற்றவர் நம்பித்தான் ஆகவேண்டும். இப்போது அதைக் 'குடும்பப் பெயர்' என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். அவரே தேடி எடுத்துப் போட்டுக்கொண்ட சட்டை, அதைப் பரம்பரைச் சொத்து என்கிறார். உள்ளே எழுந்து நின்று ஒரே ஒரு வார்த்தை, ஆறுச்சாமி, என்று சொன்னால் போதும், பின்னால் நிற்கிற வக்கீல்கள்கூடச் சிரிப்பார்கள். சொல்லலாமா. சொன்னால் என்ன. அவர் பெயரை அவர் மாற்றிக்கொண்டார், யாரிடமும் கேட்கவில்லை, யாரும் ஷரத்து போடவில்லை, அது அவருடைய செவ்வாய்க்கிழமை. அதைப் பிடுங்கி எல்லார் எதிரிலும் உதறிக் காட்டினால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். இல்லை, சொல்ல மாட்டேன். சொல்லாமலே ஜெயிக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

செருப்புச் சத்தம். அவரேதான் வருகிறார், வக்கீலை விட்டுவிட்டு, நடை மட்டும் மாறவில்லை, இடதுகால் கொஞ்சம் உள்வாங்கும். அண்ணன் பிளாஸ்கோடு எழுந்து "வாங்க மாப்ள" என்றான், பழக்கதோஷம், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "மரகதம், எதுக்கு இந்த அடம்? அந்தப் பேர வெச்சுட்டு என்ன பண்ணப் போற?" "தெரியலைங்க." "தெரியலைன்னா விட்டுட வேண்டியதுதானே?" "தெரியாம இருக்கறதுக்குத்தானுங்க கேக்கறேன்." அவர் தலையை ஆட்டினார், என் பேச்சு புரியாதபோதெல்லாம் இருபத்து நாலு வருஷமாக ஆட்டுகிற அதே ஆட்டு. "நான் குடுத்த பேரு அது." "நீங்க எங்கீங்க குடுத்தீங்க? உங்க கார்டுல ரேஷன் ஆபீஸ்காரர்தான் எழுதுனாரு. நீங்க அன்னிக்கு லீவு கிடைக்கலைன்னு வரவேயில்ல." "இப்பவும் உனக்குக் குதர்க்கம்." "இப்பவுந்தானுங்க." மூச்சை இழுத்துவிட்டார், சட்டைக்காலர் கிழிந்திருந்தது, நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன், நானாக இருந்தால் திருப்பித் தைத்திருப்பேன். "கடைசியாச் சொல்றேன். ஏழு இல்லீன்னா நான் உள்ளயே வரமாட்டேன்." "சரிங்க" என்றேன். "வராதீங்க." என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார், நான் ஏதாவது சேர்த்துச் சொல்வேன் என்று காத்திருந்தார், எப்போதும் சேர்ப்பேன், இன்று சேர்க்கவில்லை, திரும்பிப் போனார். "என்ன அம்மிணி இப்படிச் சொல்லிப்போட்ட!" என்றான் அண்ணன். ஒரு வருஷம், இன்னொரு வருஷம், ஐம்பதாவது வயதும் இதே பெஞ்சில், இதே விசிறிக்கு அடியில். போகட்டும். வைகாசி எனக்கு இல்லை, அவருக்குத்தான் வைகாசி. மண்டபம் அவருக்கு. பத்திரிகை அவருக்கு. எனக்கு நாலாம் தொகுதிதான், அதற்கு முகூர்த்தம் கிடையாது. இதை ஏன் நான்கு நாளாக நினைக்கவில்லை, அவர் அவசரத்தை என் அவசரம் என்று இத்தனை நாள் சுமந்திருக்கிறேன், இருபத்து நாலு வருஷத்துப் பழக்கம். "முப்பத்தொண்ணூ... அறவாழீ! மரகதம்!" டவாலி பாதிப் பாட்டாகக் கூப்பிட்டார். எழுந்தேன். நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் அவர் அசையவில்லை. இரண்டாம் முறை. லோகநாயகி என் முழங்கையைப் பிடித்தாள். மூன்றாவது முறை கூப்பிட டவாலி மூச்சை இழுக்கும்போது அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது.

நீதிபதி அம்மாள் என்னைவிடச் சின்னவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெமோவைப் படித்தார், உதடு அசையப் படிக்கிறவர், எனக்கு அப்படிப் படிக்கிறவர்களைப் பிடிக்கும். "சம்மதமா?" என்று முதலாம் மனுதாரரைக் கேட்டார், "சம்மதங்கம்மா." என்னைக் கேட்டார். சரிங்கம்மா, சரிங்கம்மா என்று அது பாட்டுக்கு மேலே வந்தது, விழுங்கினேன். "விவாகரத்துக்குச் சம்மதங்க. ஏழாவது ஷரத்துக்குச் சம்மதம் இல்லைங்க." எங்கோ ஒரு காகிதம் புரண்டது. நீதிபதி ஏழை மறுபடி படித்தார், உதடு அசைய. "இவங்க இந்தப் பேரை வச்சுக்கிட்டா உங்களுக்கு என்ன குறையுது?" "அது எங்க குடும்பப் பேருங்கம்மா." நான் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் யாரோ நகத்தால் கீறிய கோடு ஒன்று இருந்தது, அதையே பார்த்தேன், நாக்கைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டேன். "நீங்க சொல்லுங்கம்மா, தொடர்ந்து இந்தப் பேரையா போட்டுக்கப் போறீங்க?" "அதைச் சொல்ல மாட்டேங்க." "ஏன்?" "சொன்னா அது ரெக்கார்டுல ஏறிடுங்க. போட்டுக்கறேன்னு சொன்னா விடமுடியாது, விடறேன்னு சொன்னா போட்டுக்க முடியாது. அது என் பேருங்க. இங்க முடிவாக வேண்டியது எங்க கல்யாணம் மட்டுந்தானுங்க." பின்னால் யாரோ சிரித்தார்கள், நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் நின்றது. நீதிபதி முதலாம் மனுதாரர் பக்கம் திரும்பினார். "ஏழு வேணும்னா இன்னிக்கு ஆர்டர் கிடையாது. அவங்க சம்மதிக்கலை, மனு காலாவதியாகும், திரும்ப முதல்லருந்து வாங்க. ஏழை எடுத்துட்டா இன்னிக்கே முடிஞ்சுது. எது?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பதினேழு மாதத்தில் முதல்முறையாகக் கண்ணுக்கு நேராக, ஏதோ நான் இன்னும் விட்டுக்கொடுக்கக் கூடும் என்பது போல. நான் பார்வையை எடுக்கவில்லை. வைகாசி பிறக்க எத்தனை நாள் என்று மனசுக்குள் எண்ணுகிறார், உதடு அசையாவிட்டாலும் எனக்குத் தெரியும். "எடுத்துடுங்கம்மா" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "சத்தமா." "எடுத்துடுங்க."

நீதிபதி கோடு கிழித்தார், அடிக்கோல் இல்லாமல், கொஞ்சம் வளைந்தது. பெஞ்சு கிளார்க் மெமோவை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, அடித்த இடத்தின் ஓரத்தில் விரலை ஊன்றினார். "ரெண்டு பேரும் இங்க போடணும். அப்பத்தான் அடிச்சது செல்லும்." அவர் போட்டார், வேகமாக, பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி. நான் குனிந்தேன். எதைப் போடுவது என்று கை ஒரு கணம் நின்றது. கிளார்க் என்னைப் புதிதாகக் கையெழுத்துப் போடுகிறவள் என்று நினைத்துவிட்டார் போல, பொறுமையாகச் சொன்னார்: "வக்கீலுக்குக் குடுத்த வக்காலத்துல எப்பிடிப் போட்டிருக்கீங்களோ அப்பிடியேம்மா. மாறுனா ஒத்துக்க மாட்டாங்க." லோகநாயகிக்கு மூச்சு நின்றது கேட்டது, பிறகு அவள் சிரிப்பை அடக்குவதும் கேட்டது. அவர் இன்னும் அங்கேயே, என் தோளுக்குப் பக்கத்தில், காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பேனா இருக்குங்களா?" என்றேன், என் பேனா சிவப்பு. சட்டைப்பையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார், வேறு வழியில்லை. மரகதம் என்று எழுதினேன். பக்கத்தில் அறவாழி என்று எழுதினேன், சுருக்காமல், ஓர் எழுத்தும் விடாமல், கடைசி எழுத்தின் வாலை எப்போதும் விடுவதைவிடக் கொஞ்சம் நீட்டமாக விட்டேன்.